பத்தாம் நம்பர் மலையில் கட்டாத சிவப்புத் துணி

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ முழுதாக வாசிப்பாயா, பாதியில் கிழித்துப் போடுவாயா என்று எனக்குத் தெரியாது. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ மருந்து குடிக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த வியாழக்கிழமை பத்தாம் நம்பர் தேயிலை மலையில் நீ விழுந்து கிடந்தாயே, அன்றைக்கு நீ எதையும் வாயில் வைக்கவில்லை. நான் அடித்துவிட்டுப் போன பூச்சி மருந்தின் மேல் நீ படுத்துக் கிடந்தாய். அடித்தவன் நான், அதை மறைத்தவன் நான், தோட்டமெல்லாம் உன்னைப் பற்றி வேறு கதை பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவனும் நான். இதற்கு மேல் வாசிக்க மனமில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொள். இந்த ஒன்றை மட்டும் நம்பு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு போனில் பேசியபோது நான் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அக்கரப்பத்தனையில் மெர்சி வீட்டார் மறுபடியும் ஆள் அனுப்பிச் சம்பந்தம் கேட்டதை அவள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போக, நீ குறுக்கே, "வேணாம்மா, அவகிட்ட நானே சொல்லிட்டேன்" என்றாய். என்ன சொன்னாய் என்று அம்மா கேட்டாள். "நான் ஒருக்கா மருந்து குடிச்சவன்னு சொன்னேன். பரவாயில்லைன்னா. அவ சொல்லலாம்மா, நான் எப்படிச் சொல்றது? எதுக்குக் குடிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அன்னைக்குக் காலையில பஸ் ஏறுனது வரைக்கும்தான் தெரியுது. ஒரு காரணமும் இல்லாம ஒருக்கா குடிச்சவன், நாளைக்குப் பிள்ளைகுட்டி ஆனப்புறம் இன்னொருக்கா குடிக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? எனக்கு என்னையப் பாத்தாலே பயமா இருக்கும்மா" என்றாய். அம்மா அழ ஆரம்பித்தாள். நான் பூட்ஸைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவின பூட்ஸையே எத்தனை தரம் கழுவினேனோ தெரியாது.

திங்கட்கிழமை உனக்கு ஏழு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை எடுத்தாய். "என்னாங்கப்பா" என்றாய். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டேன். "சாப்பிட்டியா" என்று கேட்டேன். "ம்" என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உன் போன் வேலை செய்யவில்லை. கொழும்பில் உன் கடை முதலாளிக்குக் கூப்பிட்டால், "இருக்கான், வேலைக்கு வர்றான், ஆனா போனுக்கு வர மாட்டேங்கிறான்" என்கிறார். இருக்கான் என்ற அந்த ஒரு வார்த்தையை வாங்க நானும் அம்மாவும் காலையும் மாலையும் அந்த மனுஷனைத் தொந்தரவு செய்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. செய்யாத ஒன்றைச் செய்ததாக நம்பி, அந்த நம்பிக்கையிலேயே நீ உண்மையாக ஏதாவது செய்துகொள்வாயோ என்று பயமாக இருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வக்கில்லை என்று திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

உனக்கு எறும்புப் பைத்தியம் பிடித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ நாலாம் வகுப்பு. அம்மா சீனி டின்னைத் திறந்தால் உள்ளே கறுப்பாக நெளிகிறது. மூடியைத் திறந்து வைத்தது யார் என்று நான் சத்தம் போட்டேன். "நான்தான்பா. எந்த வழியா வருதுன்னு பாக்கணும்னு தொறந்து வச்சேன்" என்று நீயே வந்து நின்றாய். அன்றைக்கு உனக்கு நல்ல அடி. அடி விழும்போதும் நீ சுவர் வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய், அந்த வழியாகத்தான் அவை வரிசை பிடித்து வந்துகொண்டிருந்தன. உண்மையைச் சொன்னதற்காக உன்னை அடித்தேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிற்பாடு உனக்குப் பிள்ளை பிறந்தால், தப்பை ஒப்புக்கொள்கிற பிள்ளையை ஒருபோதும் அடிக்காதே. புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும், இருந்தாலும் இதைச் சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் முடித்து நீ ஹட்டனில் ஸ்டூடியோ வேலைக்குப் போனபோது அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, நம் லயத்து வீடுகளிலேயே கேமரா பிடிக்கிற முதல் ஆள் என்று. நீ என்னவென்றால் கலியாண வீடுகளில் பொண்ணு மாப்பிள்ளையைப் படம் எடுத்த நேரத்தைவிட, லீவு நாளில் தேயிலைக்குள் குப்புறக் கிடந்த நேரம்தான் அதிகம். முதலாளி ஒதுக்கிப் போட்ட பழைய கேமராவைக் கேட்டு வாங்கி வந்தாய். லென்ஸைக் கழற்றித் தலைகீழாக மாட்டி டேப் சுற்றினாய். யோகட் கப்பை வெட்டி ஃபிளாஷுக்குத் தொப்பி போட்டாய். "திருப்பி மாட்டுனா சின்னது பெருசாத் தெரியும்பா. ஆனா ஒரு வெரல் தூரத்துல போயி நிக்கணும், மூச்சு விட்டாக்கூட கலங்கிரும்" என்றாய். முழங்கை இரண்டையும் மண்ணில் ஊன்றி, வயிறு தரையில் பட, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நெல் அளவு முன்னால் போவதும் பின்னால் வருவதுமாகக் கிடப்பாய். கொழுந்து எடுக்கிற பொம்பளைகள் உன்னை விட்டுவைத்தார்களா? "ஏந்தம்பி, எறும்புக்கெல்லாம் ஐடென்டி கார்டு எடுத்துக் குடுக்கிறியாக்கும்? எங்களுக்கே இன்னும் பாதிப் பேருக்குக் கெடைக்கல" என்பார்கள். நீ தலையைத் தூக்காமலே, "அதுங்க வரிசையில நிக்குதுங்கக்கா, நீங்க நிக்க மாட்டீங்க" என்பாய்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து என்னையும் கூப்பிட்டாய். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உன் பக்கத்தில் நானும் குப்புறப் படுத்தேன். கேமராவுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடியில் ஒரு எறும்பு தன் கொம்பை முன்காலுக்குள் விட்டு இழுத்து இழுத்துச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை தலை வாருவது மாதிரி. நாற்பது வருடமாக அந்த மலையில் நடந்திருக்கிறேன். எத்தனை கோடி எறும்பை மிதித்திருப்பேனோ, ஒன்றின் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். "இதுக்கு ஒரு வேலையும் இல்லாத நேரத்துல இதைத்தான்பா செய்யும்" என்று காதோடு சொன்னாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒருவிதமான சந்தோஷமும் வந்தது. அதை நான் உன்னிடம் சொல்லவில்லை.

பத்தாம் நம்பர் மலையின் அடியில், கான் ஓர மண் கரையில், நீ ஒரு கூட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தாய். மழைத் தண்ணீர் ஓட வெட்டிய அந்தக் கானில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அந்தக் கூட்டுக்குள்ள ஒரு வண்டு குடியிருக்குப்பா. நெல்லு நீளம்தான், செவப்பா இருக்கும். கொம்பு ரெண்டும் அகப்பை கணக்கா தட்டை. எறும்புங்க அதை வெரட்டாது, கொம்பைப் புடிச்சு நக்கிக்கிட்டு நிக்கும். அது எறும்புக் குஞ்சையே தின்னுக்கிட்டு உள்ளுக்குள்ளயே இருக்கும்" என்றாய். ஒரே ஒரு தடவை அது வெளியே தலை நீட்டியதைப் பார்த்திருந்தாய், கேமரா கையில் இல்லாத நேரத்தில். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்தக் கரையில் காத்திருந்தாய். அந்த வாரம் திங்கட்கிழமை சோறு சாப்பிடும்போது, "அப்பா, கான் ஓரத்துல மட்டும் சனிக்கிழமை வரைக்கும் மருந்து அடிச்சிராதீங்க. கூட்டு வாசல்ல புது மண்ணு தள்ளியிருக்கு. மழை விட்டு ஒரு வெயில் அடிச்சா வெளிய வரும்" என்று கேட்டாய். கொழுந்தில் சுருட்டுப் புழு விழுந்திருந்த நேரம். மருந்து அடிக்கிற கூட்டத்துக்கு நான்தான் கங்காணி. "சரி, சனிக்கிழமை வரைக்கும் தொட மாட்டேன்" என்றேன். நீ எனக்கு ஒரு துண்டு கருவாடு எடுத்து வைத்தாய்.

வியாழக்கிழமை காலை வேலை பிரிக்கிற பெரட்டில், எனக்கு மேலே இருக்கிற கண்டாக்கு ஐயா, "கங்காணி, பத்து இன்னைக்கு முடிஞ்சிரணும், நாளைக்குச் சின்னதொரை பாக்க வாராரு" என்றார். அடி வரிசையை விட்டுவிட்டு மேலே மட்டும் முடிக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குக் காரணம்கூடத் தேட வேண்டாம். கான் ஓரத்தில் மருந்து அடிக்கக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம், தண்ணீர் ஓடுகிற இடம். நான், "முடிச்சிரலாங்கய்யா" என்றேன். நாலு ஆளோடு பத்தரை மணிக்குள் மலையை முடித்துவிட்டோம். நாலு டாங்கியிலும் அடிக்கலவை கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை மேலே ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே உள்ள குழியில்தான் ஊற்ற வேண்டும். அந்த ஏற்றத்தில் யார் தூக்குவது? எந்த மலையிலும் நாங்கள் செய்கிற வேலைதான், மிச்சத்தை எல்லாம் ஒரே டாங்கியில் ஊற்றிக் கான் ஓரமாக அடித்துத் தீர்த்துவிட்டு வெறும் டாங்கியோடு ஏறுவது. தொரை வருகிறார் என்று அன்றைக்குக் காலையில் மருந்தையும் அளவுக்கு மேல் கலந்திருந்தேன். அடியில் தங்கியது குழம்பு மாதிரி இருந்தது. மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டு நானே பம்ப் அடித்தேன். கூட்டு வாசலில் நீ அடையாளத்துக்கு நட்டு வைத்திருந்த ஈர்க்குச்சி தெரிந்தது. பார்த்தேன், தம்பி. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். இவன் வேறு கூடு பார்த்துக்கொள்வான் என்று நினைத்துக்கொண்டு அதன் மேலேயே அடித்தேன்.

மருந்து அடித்த மலைக்கு மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும், மறுநாள் வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. மேல் மூலையில் கட்டினேன். கீழ் மூலை நம் லயத்து வாசலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். சாயந்தரம் நீ ஹட்டனிலிருந்து வந்து வாசலில் நின்றதுமே அந்தத் துணியைப் பார்ப்பாய், அப்பா வார்த்தை மீறிவிட்டார் என்று தெரிந்துவிடும். சாப்பிடும்போது நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று துணியைக் கட்டாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மகன் முகத்தைப் பார்க்க இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுவதற்காகச் செய்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று நானும் ஆறு வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு ஸ்டூடியோவில் ஒரு வேலை தள்ளிப்போக, நீ மத்தியான பஸ்ஸிலேயே வந்துவிட்டாய். மழை விட்டு வெயில் அடித்திருந்தது. வீட்டில் யாரும் இல்லை, அம்மா வேறு மலையில் கொழுந்துக்கு. கேமராவை எடுத்துக்கொண்டு கானுக்கு இறங்கிவிட்டாய். நாற்றம் தெரிந்திருக்காதா என்று நீ கேட்கலாம். அந்த வாரம் முழுக்கத் தோட்டமே அந்த நாற்றத்தில்தான் இருந்தது. அதுவும் போக, நீ சின்னப் பிள்ளையிலிருந்து என் சட்டையில் மோந்து வளர்ந்த நாற்றம் அது. உனக்கு அது அப்பா வாசம்.

நான் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து உன் செருப்பை வாசலில் கண்டேன். கேமரா மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது. அங்கிருந்து எப்படி ஓடினேன் என்று தெரியாது. நீ கரையில் ஒருக்களித்துக் கிடந்தாய். வாயில் நுரை, உடம்பெல்லாம் துடிப்பு, கண்பாப்பா ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது, சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். கேமரா உன் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. கொழுந்து லொறியில்தான் உன்னைக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் உன் வாயை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "வஹ பிவ்வாத?" என்று கேட்டார். நஞ்சு குடித்தானா என்று. தோட்டத்திலிருந்து இந்த நாற்றத்தோடு இளந்தாரிப் பையன் வந்தால் யாரும் அதைத்தான் கேட்பார்கள். கங்காணி வேலை, லயத்து வீடு, கான் ஓரம், கட்டாத துணி, எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் ஓடியது. நான் பேசாமல் நின்றேன். அவர்கள் குடித்தவனுக்குச் செய்கிறபடி குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். மேலில் பட்டது என்று தெரிந்திருந்தால் முதல் வேலையாக உன் சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவியிருப்பார்கள். அந்த ஈரச் சட்டை எவ்வளவு நேரம் உன் மேலேயே கிடந்ததோ. எட்டு நாள் நீ மெஷினில் மூச்சு விட்டாய். அந்த எட்டு நாளும் என் சட்டைப் பைக்குள் அந்தச் சிவப்புத் துணி இருந்தது.

கண் திறந்த பிறகு நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். "என் கேமரா எங்கப்பா?" என்றாய். யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். "நான் எதுக்குப்பா குடிச்சேன்?" என்றாய். "போனதை விடு தம்பி" என்றேன். கட்டிலில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தபடி காரணம் தேட ஆரம்பித்தாய். ஸ்டூடியோவில் முதலாளி ஏசினாரா, படிப்பு தொடராததாலா, யாராவது பொண்ணா என்று நீயே கேட்டு நீயே இல்லை இல்லை என்று தலையாட்டினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் உன்னைக் கொன்றேன் என்றே சொல்ல வேண்டும், மருந்தால் முடியாததை அங்கேதான் செய்தேன். போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். மாதா மாதம் கிளினிக். லயத்தில் உனக்கு மருந்துக்காரன் என்று பேர். கலியாண வீட்டுக்கு அந்தப் பையன் வேண்டாம் என்று ஆட்கள் சொல்கிறார்கள் என்று ஸ்டூடியோ முதலாளி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலை ஒளித்தாள், கொடிக் கயிற்றை அவிழ்த்தாள், நீ கக்கூசுக்குப் போனால் தூரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். அதைத் தாங்காமல்தான் நீ கொழும்புக்குப் போனாய். எனக்குத் தெரியும். உன்னை பஸ் ஏற்றிவிட்டு நான் நிம்மதியாக மூச்சு விட்டேன், அதுவும் உண்மை. அந்த வண்டு எறும்புக் குஞ்சைத் தின்றுகொண்டே அதே கூட்டில் குடியிருக்கும் என்று நீ சொன்னதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கோயிலில் பாதரிடம் மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "மகன்ட்ட சொல்லிட்டு வாங்க, அப்புறம் இங்க பேசலாம்" என்றார். அடுத்த தடவை ஹட்டன் கோயிலுக்குப் போனேன், அங்கே வேறு பாதர். அவரும் அதையே சொன்னார். அதோடு நற்கருணை வாங்குவதை நிறுத்திவிட்டேன். மகன் செய்த பாவத்துக்காக அப்பா இப்படித் தன்னைத் தண்டித்துக்கொள்கிறார் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக் கண் கலங்குவாள். நான் அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பொய்யோடு எத்தனை நாள் இருக்கலாம் என்று யாராவது உன்னிடம் கேட்டால், சாகும் வரைக்கும் இருக்கலாம், சோறு இறங்கும், தூக்கம்கூட வரும் என்று சொல். அதனால்தான் அது பொல்லாதது. வலிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

இனி கேமராவைப் பற்றி. அது தொலையவில்லை. பால்மா டின்னுக்குள் துணி சுற்றி முகட்டில் வைத்திருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, ஸ்டூடியோவில் பழக்கமான பையனிடம் பேட்டரி சார்ஜ் பண்ணி வாங்கி, ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். படத்திலேயே நேரம் விழுந்திருக்கிறது. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதல் படம், அந்த ஈர்க்குச்சியும் கூட்டு வாசலும். எறும்புகள் அப்போதே சரியில்லை. சில மல்லாந்து கிடக்கின்றன, சில சுற்றிச் சுற்றி வருகின்றன. நீ அதைப் பார்த்துத்தான் இன்னும் கிட்டே போயிருக்கிறாய், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள. படத்துக்குப் படம் கிட்டே போகிறாய். மூன்று மணியை நெருங்கும்போது, தம்பி, அது வெளியே வருகிறது. நீ சொன்ன மாதிரியே சிவப்பு, நீ சொன்ன மாதிரியே தட்டைக் கொம்பு. இரண்டு எறும்பு ஆளுக்கொரு கொம்பைப் பிடித்துக்கொண்டு அதை வாசலுக்கு வெளியே இழுக்கின்றன. மருந்துக்குத் தப்ப அதையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தனவோ என்னவோ, நீதான் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் எறும்புக் கால் மயிர்கூடத் தெரிகிறது. அதற்குப் பிறகு பதினோரு படம். ஒன்றைவிட ஒன்று கலங்கல். கை நடுங்க ஆரம்பித்த பிறகும் நீ விடவில்லை. கடைசிப் படத்தில் வெறும் பச்சைதான் இருக்கிறது.

கேமராவையும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன், அந்தப் படங்களைப் பார். சாக நினைத்து வந்தவன் ஒரு நெல் அளவு வண்டுக்காக இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பானா? ஒன்றரை வருடம் காத்திருந்தது கிடைத்த அதே பத்து நிமிடத்தில் எழுந்து போய் மருந்து குடிப்பானா? உன் மனசுக்குள் என்ன இருந்தது என்று உனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் படத்தில் இருக்கிறது. அந்த மத்தியானம் இந்த உலகத்தில் இருக்க உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவன் எந்த மலையிலும் இருந்திருக்க மாட்டான். காரணமே இல்லாமல் குடித்தேன் என்கிறாயே, காரணம் இல்லாதது ஏனென்றால் நீ குடிக்கவே இல்லை. உன்னைப் பார்த்து நீ பயப்பட ஒன்றுமே இல்லை, தம்பி. பயப்பட வேண்டிய ஆள் நான்.

இன்றைக்குக் காலை அம்மாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை சுளகை மடியிலேயே வைத்திருந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "அப்ப ஆறு வருஷமா எம்புள்ளய நான் கள்ளனப் பாக்கிற மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு பாத்தேனே, அது எதுக்குங்க?" என்று மட்டும் கேட்டாள். கேமராவை இறக்கச் சொன்னாள். அந்தப் படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இதுக்கா?" என்றாள். "இதுக்குத்தான்" என்றேன். அப்போதுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எல்லாத்தையும் எழுதுங்க. நாளைக்குக் காலையில ரயிலுக்கு நான் போறேன், நானே அவன் கையில குடுக்கிறேன். நீங்க வராதீங்க. உங்களப் பாக்கணுமா வேணாமான்னு அவன் சொல்லட்டும்" என்றாள். தனியாக அவள் நோர்வூட்டைத் தாண்டிப் போனதில்லை. வழி சொல்லட்டுமா என்றேன். "கேட்டுப் போயிக்கிறேன், பொய் சொல்லாத ஆளுங்க யாராச்சும் இருப்பாங்க" என்றாள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்று உனக்குத் தெரியும். ஒட்டுவதற்கு முன்னால் படித்துக் காட்டச் சொன்னாள். கதவை அடைத்துவிட்டு இதுவரைக்கும் எழுதியதைப் படித்தேன். ஆஸ்பத்திரி இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். "அங்க என்ன எழுதியிருக்கீங்க, மறுபடி படிங்க" என்றாள். நான் பேசாமல் நின்றேன் என்று படித்தேன். "நீங்க பேசாம நிக்கல. நான் உங்க பக்கத்துல நின்னேன். ஒவ் டொக்டர்னு சொன்னீங்க. எனக்கு அவ்வளவு சிங்களம் தெரியும். அதக் கேட்டுத்தான நானே நம்புனேன்" என்றாள்.

அவள் சொல்வது சரி. ஆமா டொக்டர், குடித்தான் என்று சொன்னது நான்தான், என் வாயால், சத்தமாக. அவர்கள் யாரும் தாங்களாக முடிவு பண்ணவில்லை. ஊரும் தானாகக் கதை கட்டவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று உட்கார்ந்து எழுதுகிறபோதும் அந்த இடத்தில் என் கை தானாக வளைந்துவிட்டது. மேலே அதை அடித்துத் திருத்தச் சொன்னாள். திருத்தவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள அது அப்படியே இருக்கட்டும்.

நாளைக்கு அம்மாவை ரயில் ஏற்றிவிட்டு நேரே தோட்டத்துக்குத் திரும்பி, மறுநாள் பெரட்டில் எல்லா ஆட்களும் நிற்கும்போது சொல்லப் போகிறேன். கண்டாக்கு ஐயா என்ன செய்வார், தொரை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. பென்ஷனுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பண்ணிக்கொள்ளலாம். சொல்லும்போது என் குரல் வராமல் போய்விடுமோ என்றுதான் பயம். இந்தத் தடவை "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வந்துவிட மாட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுதினால் நீ எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டிவரும். நீ எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். கூப்பிட வேண்டாம், வர வேண்டாம், இனிமேல் அப்பா என்று சொல்லாவிட்டாலும் சரிதான். அம்மா உன் எதிரில் நிற்கும்போதே, அவள் கண் பார்க்க, மெர்சிக்கு மட்டும் கூப்பிடு. அந்தப் பிள்ளை உன் கதையைத் தெரிந்துகொண்டும் பரவாயில்லை என்று சொன்ன பிள்ளை. நீ குடிக்கவில்லை என்று அவளிடம் சொல். யார் சொன்னது என்று அவள் கேட்டால், மருந்து அடிச்ச ஆளே எழுதிக் குடுத்திருக்காருன்னு சொல்லு.